இரண்டாவது பி.சி.: கார்டுக்கும் ப்ராசசருக்கும் பொருத்தம் பார்ப்பது எப்படி?

(இறுதியாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



"மச்சான், எந்த கிராபிக்ஸ் கார்டு பெஸ்ட்?" இந்தக் கேள்வி எழாத நாள் நம்ம ஹாஸ்டலில் கிடையாது. பத்து பேரிடம் கேட்டால் பத்து பதில் வரும். பத்தும் சரியாக இருக்கலாம், பத்தும் தப்பாகவும் இருக்கலாம். ஏனென்றால் கேள்வியே அரைகுறை. எந்த ப்ராசசரோடு, எந்தத் திரையில், எந்த வேலைக்கு, எந்த ஊரில் என்ற நான்கும் சேர்ந்தால்தான் அது முழுக் கேள்வி. மற்றதெல்லாம் பெண்ணின் ஜாதகம் இல்லாமல் மாப்பிள்ளை ஜாதகத்தை மட்டும் வைத்துப் பொருத்தம் பார்க்கிற கதைதான்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருக்க, விளையாட்டுக்கும் படிப்புக்குமாக இன்னொன்று சேர்க்க நினைக்கும் நண்பர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நம்மில் பாதிப்பேர் செங்கல்பட்டுக்காரர்கள், பாதிப்பேர் மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம். ஆகவே நம்ம ஊர் வெயிலும் உப்புக்காற்றும் கரண்டும்கூட இந்தக் கணக்கில் வரும்.

1. ஸ்தபதியும் ஆட்களும்

என் அப்பா மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தில் கல் வேலை செய்கிறவர். அங்கே பார்த்ததை வைத்தே சொல்கிறேன். ஸ்தபதி அளவு பார்த்துக் கல்லின் மேல் கோடு போடுவார். எங்கே எவ்வளவு ஆழம் எடுக்கணும் என்று அவர்தான் முடிவு சொல்வார். பிறகு ஆட்கள் உளியும் சுத்தியலுமாக உட்காருவார்கள். ஒரே மாதிரி வேலை, பல கைகள்.

ப்ராசசர் என்பது ஸ்தபதி. எதிராளி எங்கே நிற்கிறான், குண்டு பட்டதா, நெட்வொர்க்கில் என்ன தகவல் வந்தது என்று முடிவெடுத்து, "இதையெல்லாம் வரை" என்று பட்டியல் கொடுப்பது அதன் வேலை. ரைசன் 5 5600 ப்ராசசரில் 6 கோர்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் கெட்டிக்கார ஸ்தபதி.

கிராபிக்ஸ் கார்டு என்பது ஆட்கள் கூட்டம். ஆர்எக்ஸ் 6600 கார்டில் 1,792 சிறு கணக்கிடும் அலகுகள். ஆர்டிஎக்ஸ் 3060-இல் 3,584. அவை பெரிய முடிவு எதுவும் எடுக்காது. சொன்ன புள்ளிக்குச் சொன்ன நிறத்தைக் கணக்கிட்டுத் தரும். 1080பி திரையில் 1920 x 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படம் வேண்டுமானால் நொடிக்குப் பன்னிரண்டு கோடிக்கும் மேல் புள்ளிகள். இதற்குத்தான் இத்தனை கைகள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு படத்துக்கு ப்ராசசர் எடுப்பது 10 மில்லி செகண்டு, கார்டு எடுப்பது 20 மில்லி செகண்டு என்று வைத்துக்கொள்வோம். கார்டு ஒரு படத்தை வரையும்போதே ப்ராசசர் அடுத்த படத்துக்குப் போய்விடும். ஆகவே இரண்டையும் கூட்டக்கூடாது. எது மெதுவோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கும். 1000-ஐ 20-ஆல் வகுத்தால் நொடிக்கு 50 படம்.

இந்த மெஷினில் 5 மில்லி செகண்டில் முடிக்கும் விலை உயர்ந்த ப்ராசசரைப் போட்டால் என்ன ஆகும்? அதே 50 படம்தான்! ஸ்தபதி சீக்கிரம் கோடு போட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாறாக, 8 மில்லி செகண்டில் வரையும் கார்டைப் போட்டால் நொடிக்கு 100 படம் வரும். 125 வராது, ஏனென்றால் இப்போது தாமதம் ப்ராசசரிடம். அதற்கு மேல் இன்னும் பெரிய கார்டு வாங்கினால் அந்தப் பணம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

2. யார் தாமதம்? நீங்களே சோதிக்கலாம்

இதைக் கண்டுபிடிக்கக் கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. இப்போது வீட்டில் இருக்கும் முதல் மெஷினிலேயே பாருங்கள்.

விளையாட்டை ஓடவிட்டு, நொடிக்கு எத்தனை படம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 'வி-சிங்க்' வசதியையும் படங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு ஏதாவது இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். பிறகு செட்டிங்கில் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்குக் குறையுங்கள். புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விட்டதால் கார்டின் சுமை இறங்கிவிடும். ப்ராசசரின் சுமையோ ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். படங்களின் எண்ணிக்கை நன்றாகக் கூடினால் தாமதம் கார்டிடம். கூடவே இல்லை என்றால் தாமதம் ப்ராசசரிடம்.

'எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர்' என்ற இலவச மென்பொருளை வைத்துக் கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்றும் பார்க்கலாம். 95-க்கு மேலேயே நின்றால் கார்டு முழுமூச்சாக உழைக்கிறது. 50, 60 என்று நின்றால் வேலை வராமல் காத்திருக்கிறது. ப்ராசசரின் மொத்த சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு கோர் திணறிக்கொண்டிருக்க, மற்ற கோர்கள் சும்மா இருந்தாலும் மொத்தம் 40 என்றுதான் காட்டும்.

3. இரண்டாவது எதற்கு?

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். எனக்குப் பிறகு தங்கச்சி பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டில் இருக்கும் ஒரே பழைய மெஷினை அவள் படிப்புக்கு விட்டுவிட்டு, எனக்கு ஒன்று சேர்க்கலாமா என்று பேச்சு எழுந்தபோது அம்மா கேட்டார்கள்: "ஒண்ணு இருக்கும்போது இன்னொண்ணு எதுக்குடா?" அம்மா மாதாமாதம் கட்டிவரும் சீட்டுப் பணத்தைத்தான் எடுக்கணும் என்னும்போது, இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும். "எல்லாரும் வச்சிருக்காங்க" என்பது பதில் ஆகாது.

என் பதிலை ஒரு தாளில் எழுதினேன். பிளெண்டரில் முப்பரிமாண வேலை, வரைபட மென்பொருள், நிரல் எழுதிப் பழகுவது. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு விளையாட்டு. விளையாட்டை மறைக்கவில்லை. எழுதிய பிறகுதான் எந்த கார்டு என்ற கேள்விக்கே அர்த்தம் வந்தது.

வேலைக்குத் தக்க கருவி என்பதற்கு நம்ம ஊரிலிருந்தே ஓர் உதாரணம். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. செஸ் ஆடும் மென்பொருள்களில் மிகப் பேர்பெற்றவை இரண்டு. 'ஸ்டாக்ஃபிஷ்' முழுக்க ப்ராசசரை நம்பி ஓடுகிறது. 'லீலா செஸ் ஜீரோ' நன்றாக ஆடக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். ஆட்டம் ஒன்றுதான், அதே 64 கட்டம்தான். கணக்கிடும் முறை வேறு என்பதால் வாங்க வேண்டிய பொருளும் வேறு. வேலொரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவற்றை 144 ஹெர்ட்ஸ் திரையில் ஆடுகிறவனுக்கு ப்ராசசர் முக்கியம். சைபர்பங்க் 2077 போல் காட்சி நிறைந்ததை 60 படத்தில் ரசிக்கிறவனுக்குக் கார்டு முக்கியம்.

4. அண்ணன் சட்டை தம்பிக்கு

இரண்டாவது பி.சி. என்றால் எல்லாமே புதிதாக வாங்கணும் என்று சட்டம் இல்லை. அண்ணனுக்குப் புதுச்சட்டை எடுத்துவிட்டு, அவன் சட்டையைத் தம்பிக்குக் கொடுக்கிற வழக்கம் எல்லார் வீட்டிலும் உண்டு. அதுபோல, முதல் மெஷினுக்குப் புதுக் கார்டு வாங்கிப் போட்டு, பழைய கார்டை இரண்டாவதற்கு மாற்றலாம். முதல் மெஷின் ஏஎம்4 போர்டாக இருந்தால் பயாஸைப் புதுப்பித்து, ரைசன் 5 5600-ஐ அதில் போட்டு, பழைய ப்ராசசரை இரண்டாவதற்கு எடுக்கலாம். முதலில் அந்த போர்டின் நிறுவனம் வெளியிட்ட ப்ராசசர் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

ஆபீஸ்களில் கழித்த பழைய பிராண்ட் மெஷினை வாங்கிக் கார்டு செருகுவது இன்னொரு வழி. அதில் மூன்று விஷயம் பாருங்கள். ஒல்லியான கேபினட்டுக்கு உயரம் குறைந்த கார்டுதான் நுழையும். சில மாடல்களில் எஸ்.எம்.பி.எஸ். இணைப்பே தனி வடிவம், வெளியில் வாங்கியது பொருந்தாது. மூன்றாவது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை, ரைசன் என்றால் 2000 வரிசை முதல் வேண்டும், டி.பி.எம். 2.0-வும் வேண்டும். நாலாம் தலைமுறை ஐ7 என்று ஆசை காட்டினாலும் யோசியுங்கள்.

5. பொருந்தும் ஜோடிகள்

வேகமான ஆன்லைன் விளையாட்டு மட்டும் என்றால்: ரைசன் 5 5600 அல்லது கோர் ஐ5-12400எஃப், அதோடு கையில் இருக்கும் நடுத்தரக் கார்டு. ஜிடிஎக்ஸ் 1650-கூட இதற்கு ஓடும். அது 75 வாட் கார்டு. பல மாடல்களுக்குத் தனி மின் இணைப்பே தேவையில்லை.

1080பி திரையில் எல்லா வகை விளையாட்டும் என்றால்: கோர் ஐ3-12100எஃப் அல்லது ரைசன் 5 5600, அதோடு ஆர்எக்ஸ் 6600. கார்டு 132 வாட்தான், நினைவகம் 8 ஜிபி. இரண்டாவது மெஷினுக்கு அளவான ஜோடி.

படிப்பும் விளையாட்டும் என்றால்: கோர் ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 5600, அதோடு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. என்விடியாவின் 'கூடா' முறையில் எழுதிய மென்பொருள் நிறைய. செயற்கை நுண்ணறிவு பழகுகிறவர்களுக்கு 12 ஜிபி பெரிய வசதி. இதே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, அது வேகமும் குறைந்தது. பெட்டியில் எண்ணைப் படித்து வாங்குங்கள்.

இப்போதைக்குக் கார்டே வேண்டாம் என்றால்: ரைசன் 5 5600ஜி. படம் வரையும் பகுதி உள்ளேயே இருக்கிறது. ரேமை மட்டும் ஒரே 16 ஜிபி-யாகப் போடாமல் 8, 8 என்று இரண்டாகப் போடுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எழுத்துக்களைக் கவனியுங்கள். இன்டெலில் 'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5600-லும் கிடையாது. கார்டு பழுதானால் திரை இருட்டுதான்.

இன்னொரு பொறி: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. இது போர்டோடு 4 வழிகளில் மட்டுமே பேசும். நாலாம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் போர்டில் பரவாயில்லை. மூன்றாம் தலைமுறைப் பழைய போர்டில் அந்த வழிகளின் வேகம் பாதியாகிவிடும். நினைவகமும் பெரும்பாலும் 4 ஜிபி-தான். அது நிரம்பியதும் பாக்கியை இந்தக் குறுகிய வழியில்தான் ரேமுக்கு அனுப்பி வாங்கணும். படம் விக்கி விக்கி ஓடும்.

6. நூறு ரூபாய்க் கணக்கு

2025-இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை எப்படி ஏறியது என்று பார்த்தோம். மாறிக்கொண்டே இருக்கும் விலையை மலரில் அச்சடித்துப் பயன் இல்லை. அதனால் விகிதம் சொல்கிறேன். திரை நீங்கலாக 100 ரூபாய் இருந்தால், கார்டுக்கு 40, ப்ராசசருக்கு 17, போர்டுக்கு 12, ரேமுக்கு 12, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு 8, எஸ்.எஸ்.டி.க்கு 7, கேபினட்டுக்கு 4. இது நான் போட்டுக்கொண்ட பங்கு. ரேம் விலை ஏறினால் கார்டில் ஒரு படி இறங்குங்கள், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் "450 வாட்" என்று ஒட்டியிருப்பதை நம்பி பெரிய கார்டு போட வேண்டாம். ஆர்எக்ஸ் 6600 ஜோடிக்குக் கணக்கு: கார்டு 132, ரைசன் 5 5600 ப்ராசசர் அதிகபட்சம் 76, மற்றவைக்கு 50. மொத்தம் 258 வாட். இதற்கு '80 பிளஸ்' முத்திரை பெற்ற, நல்ல பெயருள்ள 450 அல்லது 550 வாட் போதும். யு.பி.எஸ்.ஸில் 600 வி.ஏ. என்றிருந்தால் அது தாங்குவது பெரும்பாலும் 360 வாட். திரையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகேதான் கரை ஏறியது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கரண்ட் போய்ப் போய் வரும் நம்ம பக்கத்தில் யு.பி.எஸ்.ஸும், ஒழுங்கான எர்த் இணைப்பும் ஆடம்பரம் இல்லை.

வீட்டில் இருப்பவர்களிடம் மின்சாரக் கணக்கையும் சொல்லிவிடுங்கள். 250 வாட், தினம் 3 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு முக்கால் யூனிட். இரண்டு மாதத்துக்கு 45 யூனிட்.

7. உப்புக்காற்றும் வெயிலும்

கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டுக் கருங்கல். அந்தக் கல்லையே உப்புக்காற்று அரித்து, சிற்பங்களின் முகம் மழுங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்காகத்தான் தொல்லியல் துறை அங்கே கற்தடுப்பும் சவுக்கு மரங்களும் வைத்தது. கல்லுக்கே அந்தக் கதி என்றால் தாமிரமும் ஈயப்பற்றும் எம்மாத்திரம்?

காரணம் எளிது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்று உப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். போர்டின் மேல் படிந்த உப்புத்தூள் அப்போது மின்சாரம் கடத்தும் ஈரப் படலமாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் சூட்டில் காய்ந்துவிடும். நாள்கணக்கில் அணைந்து கிடப்பதுதான் அரிக்கும். இரண்டாவது பி.சி. தானே அதிகம் அணைந்து கிடப்பது! ஆகவே கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். வாரத்தில் சில நாளாவது கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். அணைத்துச் சூடு ஆறிய பிறகு துணியால் மூடுங்கள், ஓடும்போது மூடவே கூடாது.

செங்கல்பட்டுப் பக்கம் உப்பு குறைவு, வெயில் அதிகம். 25 டிகிரி அறையில் கார்டு 70 டிகிரி காட்டினால், மே மாதம் 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 83 காட்டும். வெளியூர் விமர்சனங்களில் வரும் எண்ணோடு நம்ம அறையின் சூட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவது மெஷினுக்குக் குறைந்த வாட் கார்டே நல்லது என்று நான் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

8. செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

எலக்ட்ரிக் ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிற நண்பர்களே, இதைக் கவனியுங்கள்.

2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் நாணயம் கார்டு வைத்துத் தோண்டும் முறையை விட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்தன. அப்படி ஓடியதாலேயே கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்து காய்ந்திருக்கும், சிலவற்றில் பயாஸ் மாற்றப்பட்டிருக்கும்.

பெயர் மாறாட்டமும் உண்டு. 'ஆர்எக்ஸ் 580 2048 எஸ்பி' என்பது உண்மையில் 570-க்குச் சமம். அசல் 580-க்கு 2,304 அலகுகள். இன்னும் பழைய சில்லை வைத்துப் புதுப்பெயர் ஏற்றிய போலிகளும் வந்திருக்கின்றன. 'ஜிபியு-இசட்' என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தால் பல வண்டவாளம் வெளிவரும்.

வயதையும் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 1060 போன்ற 10 வரிசைக்கு 2025 அக்டோபரோடு புது விளையாட்டுகளுக்கான டிரைவர் நின்றுவிட்டது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தொடரும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டும் ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் வன்பொருள் வசதியைக் கேட்கின்றன. ஜிடிஎக்ஸ் 1650-இலும் ஆர்எக்ஸ் 580-இலும் அது இல்லை.

கையில் எடுத்ததும் செருகும் விளிம்பைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் தாமிரம் அரிக்கிறது. அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி, திருகில் துரு என்றால் அது கடலோரத்தில் வாழ்ந்த கார்டு. 'ஃபர்மார்க்' கால் மணி நேரம் ஓட்டி, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, சூடு ஓரிடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சீரியல் எண்ணும் பில்லும் ஒத்துப்போகணும். ஓட்டிக்காட்ட மறுத்தால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

முடிவாக

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் ஆறு வரி எழுதுங்கள்: என்ன வேலை, எந்தத் திரை, முதல் மெஷினிலிருந்து என்ன எடுக்கலாம், ப்ராசசரும் கார்டும் எந்த ஜோடி, மொத்தம் எத்தனை வாட், மெஷினை எந்த இடத்தில் வைப்பது. அந்தத் தாளை வீட்டில் பணம் தருகிறவர்களிடம் படித்துக் காட்டுங்கள். என் தாளை அம்மாவிடம் படித்தேன். வாட்டும் ஜிபியும் அவருக்குப் புரியவில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு என்பது நன்றாகவே புரிந்தது. "கார்டுல ஒரு படி குறைச்சுக்க, அந்தக் காசுல தங்கச்சி மெஷினுக்கு ரேம் போடு" என்றார்கள். கணக்கைத் திருத்திப் பார்த்தேன், பொருந்தியது. ஆர்டிஎக்ஸ் 3060-ஐ அடித்துவிட்டு ஆர்எக்ஸ் 6600 என்று எழுதினேன். பிளெண்டர் கொஞ்சம் மெதுவாக ஓடும், ஓடட்டும். வீட்டில் இரண்டு பேரும் படிப்போம்.

சீட்டு எடுப்பது அடுத்த மாதம். நண்பர்களே, உங்கள் தாளையும் எழுதிக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே ரிச்சி ஸ்ட்ரீட் போகலாம்.